அடிக்கடி காயப்படும் ஆட்டக்காரர்: வைத்திருப்பதா, விடுவதா?

2022 அக்டோபர் 8 அன்று பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் தமிழ் தலைவாஸ் அணி குஜராத் ஜெயன்ட்ஸை எதிர்கொண்டது. புரோ கபடி லீக்கின் ஒன்பதாம் பருவத்தில் தலைவாஸுக்கு அதுதான் முதல் ஆட்டம். இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஏலத்தில் பவன் செராவத்தை அந்த அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. லீக் அதுவரை கண்டிராத விலை அது. பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோது பவனின் முழங்கால் மடங்கியது. களத்திலிருந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. அந்தப் பருவத்தில் பவன் மறுபடி ஆடவே இல்லை.

அதற்கு முந்தைய நான்கு பருவங்களிலும் பிளே-ஆஃப் பக்கம் எட்டிப் பார்க்காத அணி அது. ஆகவே ஒருவருடைய முழங்கால் ஒரு மாநிலத்தின் கவலையாக மாறியது. ஊருக்கு ஊர் கபடி ஆடும் காவிரிப் படுகையில், வடுவூர், மன்னார்குடி, ஒரத்தநாடு, திருக்காட்டுப்பள்ளி வட்டாரங்களில், இத்தகைய விவாதம் புதிதல்ல. முட்டி ஜவ்வு கிழிந்தவன் பழைய வேகத்தில் பாட மாட்டான், விட்டுவிடுவதே நல்லது என்பார்கள் சிலர். இவ்வளவு திறமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் பொறுக்க முடியாதா என்பார்கள் மற்றவர்கள். கிரிக்கெட்டில் லட்சுமிபதி பாலாஜிக்கும், வாஷிங்டன் சுந்தருக்கும், நடராஜனுக்கும் இதே கேள்வி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அது ஒரு தனி மனிதரைப் பற்றிய கேள்வியாகவே கேட்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தனி மனிதரின் உடம்பைத் தாண்டிய விஷயங்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன என்று தெரிகிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்த கருத்து

சிலருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்ற ஆராய்ச்சி விளையாட்டில் தொடங்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நடந்த விபத்துகளை மேஜர் கிரீன்வுட், ஹில்டா வுட்ஸ் என்ற இருவரும் ஆராய்ந்து 1919-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சமமாகப் பரவவில்லை, ஒரு சிறு கூட்டத்திடமே குவிந்திருந்தன என்பது அவர்கள் கண்டது. எரிக் ஃபார்மரும் சேம்பர்ஸும் 1926-ல் இதை ஒருவருடைய இயல்பாகவே விவரித்தார்கள். அப்படிப்பட்டவரை முன்கூட்டியே கண்டுபிடித்து ஆபத்தான வேலையிலிருந்து விலக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது.

பின்னால் வந்தவர்கள் இரண்டு ஆட்சேபங்களை எழுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இருந்தாலும்கூட, வெறும் தற்செயலாலேயே சிலருக்கு மூன்று நான்கு விபத்துகள் சேரும், பலருக்கு ஒன்றுமே நேராது. இது முதல் ஆட்சேபம். இரண்டாவது இன்னும் முக்கியமானது. அடிக்கடி அடிபட்டவர் ஒருவேளை அதிக ஆபத்தான இயந்திரத்தில் அதிக நேரம் வேலை செய்தவராக இருக்கலாம்.

கபடிக்கு இது அப்படியே பொருந்தும். ஓர் ஆட்டத்தில் இருபது தடவை வரை பாடிப்போகும் முதன்மை ரெய்டரையும், நாலைந்து தடவை மட்டுமே போகும் மூன்றாவது ரெய்டரையும் காயங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. முன்னவர் ஒவ்வொரு தடவையும் ஏழு பேர் பிடிக்கக் காத்திருக்கும் பக்கத்துக்குப் போய் வருகிறார். திறமை கூடக் கூட அவரை அனுப்பும் தடவைகளும் கூடுகின்றன. அவருக்குக் கிடைக்கும் "காயக்காரர்" என்ற பெயரில் ஒரு பகுதி அவருடைய திறமைக்கான விலை.

வாஷிங்டன் சுந்தரின் கதை இந்த ஆட்சேபத்துக்கு நல்ல சான்று. 2021 ஜூலையில் டர்ஹாமில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் விரலில் அடி. 2022 பிப்ரவரியில் பின்தொடைத் தசைப் பிடிப்பு. அதே ஆண்டு ஐபிஎல்லில் விரலிடுக்குக் கிழிசல், ஆகஸ்டில் லங்காஷயர் அணிக்காக ஆடும்போது தோள்பட்டை. 2023 ஐபிஎல்லில் மறுபடியும் பின்தொடை. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவையும் அடுக்கிப் பார்த்த ரசிகர்கள், இருபத்துமூன்று வயதிலேயே அவர் உடம்பு ஒத்துழைக்காது என்று தீர்ப்பெழுதினார்கள். ஆனால் பட்டியலை உற்றுப் பார்த்தால், விரலும் விரலிடுக்கும் தோளும் பந்து பட்டோ விழுந்தோ வருகிற அடிகள். திரும்ப வந்தது பின்தொடை ஒன்றுதான். 2024 அக்டோபரில் புணே டெஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 59 ரன்களுக்கு 7 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 11 விக்கெட் எடுத்தார். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101 ரன் அடித்து, ஜடேஜாவுடன் சேர்ந்து இந்தியாவைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார். காயங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதிய தீர்ப்பு அவர் விஷயத்தில் தவறாகப் போனது.

மண்ணில் உரமேறிய உடம்பு

டெல்டாவில் வேரூன்றிய இன்னொரு விடையும் உண்டு. அந்தக் காலத்து ஆட்டக்காரருக்கு இப்படியெல்லாம் காயம் வந்ததில்லை, இப்போதுள்ள பையன்களுக்கு உடம்பில் உரம் இல்லை என்பது அது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துத் திருச்சானம்பூண்டிக்காரர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் பட்டம் வென்றபோது அதன் கேப்டன். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்காக மேட் விரிப்பில் நின்று, தன் வயதில் பாதிகூட ஆகாத ரெய்டர்களின் கணுக்காலைப் பிடித்தார். அவரைப் பார்த்து வளர்ந்த ஒரு பகுதியில், இருபது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பையன்மீது பரிவு குறைவாக இருப்பது இயல்புதான்.

இந்த வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்தே சீராகப் பழகிய தசையும் எலும்பும் திடீர்ப் பளுவைத் தாங்கும் என்பதை இன்றைய பயிற்சி அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. மண்ணில் வெறுங்காலில் ஆடும்போது பாதம் சற்று வழுக்கிக் கொடுக்கும், மேட்டில் ஷூவோடு ஆடும்போது பாதம் ஒட்டிக்கொள்ளும், திரும்பும் விசை முழுவதும் முட்டிக்குப் போகும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதும் ஒதுக்கிவிடத் தக்கதல்ல.

ஆனால் இந்த வாதத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சேரலாதனோடு அதே ஊர் மண்ணில் ஆடி, 22 வயதில் முட்டி போய், வயலுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போய்விட்டவர்களை யாருக்கும் நினைவில்லை. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நிலைத்து நின்றவரை மட்டும் வைத்து ஒரு தலைமுறையின் உடம்பையே அளப்பது பெரும் பிழை. தவிர, சேரலாதன் டிஃபெண்டர். மூலையில் நின்று பிடிப்பவருக்கும், எதிர்ப்பக்கத்தில் ஓட்டத்தின் நடுவே திரும்பித் தப்ப வேண்டிய ரெய்டருக்கும் முட்டியில் விழும் பளு ஒன்றல்ல.

விட்டுவிடச் சொல்பவர்கள்

காயக்காரரை விட்டுவிடு என்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. அவர்களிடம் உள்ள சான்றுகள் வலுவானவை. பழைய காயமே புதிய காயத்துக்கான மிகத் தெளிவான முன்னறிவிப்பு என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட முடிவுகளில் ஒன்று. முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநாரை, அதாவது ஊர்ப்பேச்சில் முட்டி ஜவ்வு எனப்படும் ஏ.சி.எல்.லை, அறுவை சிகிச்சை செய்து சீராக்கிக்கொண்டவர்களைப் பற்றி 2016-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மொத்தத்தில் 15 சதவீதத்தினருக்கு அதே காலிலோ மறுகாலிலோ இரண்டாவது தடவை ஜவ்வு கிழிந்திருந்தது. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டு, மறுபடி ஆட்டத்துக்கும் திரும்பியவர்களில் அது 23 சதவீதம். ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

ஏலத்தில் பணம் போடும் அணிக்கு இந்த எண் அச்சமூட்டுவதே. மயங்க் யாதவை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஐபிஎல்லில் நான்கே ஆட்டங்கள், ஆனால் மணிக்கு 156 கிலோமீட்டரைத் தாண்டிய பந்துகள். அந்த நான்கை நம்பி லக்னோ அணி அவரை 11 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. 2025-ல் முதுகுப் பிரச்சினையால் அவர் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. நடராஜனின் நிலையும் கனக்க வைப்பது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து, 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானவர். 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்திய அணிக்கு அவர் திரும்பவே இல்லை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்த பிறகு டெல்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியது. அடுத்த பருவத்தில் மிகச் சில ஆட்டங்களில்தான் அவரைக் காண முடிந்தது.

தலைவாஸ் ரசிகர்களிடம் இந்தக் கட்சிக்கு இன்னொரு வலுவான ஆதாரம் இருந்தது. பவன் விழுந்த அதே பருவத்தில் பெயர் தெரியாத நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அறிமுகப் பருவத்தில் எந்த ரெய்டரும் அதற்குமுன் தொடாத எண்ணிக்கை. நடுவே பயிற்சியாளராக வந்த அஷன் குமாரின் கீழ் அணி முதன்முறையாக பிளே-ஆஃப் போய், அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்ற இரண்டே புள்ளிகளில் தோற்றது. ஒருவருக்காகக் காத்திருக்கும் இடத்தில் இன்னொருவர் வளர முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தமிழ் ரசிகர் தேட வேண்டியதில்லை.

அணி பவனை விட்டுவிட்டது. அவரோ 2023 ஜூனில் பூசானில் ஆசிய சாம்பியன்ஷிப்பையும், காயம்பட்டு ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, அக்டோபர் 7 அன்று, ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் இந்தியாவுக்குக் கேப்டனாக வென்று தந்தார். சில நாட்களில் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. முட்டி தாங்கியது. பவனும் புள்ளிகளைக் குவித்தார். டைட்டன்ஸ் அந்தப் பருவத்தில் கடைசி இடம். தலைவாஸ் விட்டது தவறா சரியா என்று இன்றும் தீர்ப்புச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். உடம்பைப் பற்றிய கணிப்பு பொய்த்தது, அணியைப் பற்றிய கணிப்போ பொய்க்கவில்லை.

காத்திருக்கச் சொல்பவர்கள்

பொறுமைக் கட்சியின் பிதாமகர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி. 1973 மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் கீழ்முதுகில் எலும்பு விரிசல் கண்டு, பிளாஸ்டர் கட்டோடு கிடந்து, நீண்ட மறுபயிற்சிக்குப் பின் 1974-75-ல் இங்கிலாந்தை உலுக்கியவர். அதே லில்லி 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் ஒரு தலைமுறை இந்தியப் பந்துவீச்சாளர்களுக்கு வழிகாட்டினார். முதுகைக் காப்பாற்றிக்கொண்டு வீசுவது எப்படி என்ற பேச்சு தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கியதில் அந்த மையத்துக்குப் பங்கு உண்டு.

லட்சுமிபதி பாலாஜி 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தின் செல்லப்பிள்ளை. அடுத்த ஆண்டே முதுகெலும்பு விரிசல். பல மாதங்கள் வருடங்களாக நீண்டன. பந்துவீசும் முறையையே மாற்றிக்கொண்டு வந்தார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில், பஞ்சாப் அணிக்கு எதிராக, ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். 2012 இருபது ஓவர் உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்கு ஆடினார். ஆனால் டெஸ்ட் வாழ்க்கை எட்டு ஆட்டங்களோடு நின்றுவிட்டது. காத்திருந்தால் திரும்பி வருவார் என்பதற்கும், போனதெல்லாம் திரும்பாது என்பதற்கும் அவர் ஒருவரே சான்று.

ஹாக்கியில் பி.ஆர். ஸ்ரீஜேஷ் உண்டு. 2017-ல் அஸ்லான் ஷா கோப்பையில் முழங்கால் ஜவ்வு கிழிந்து பல மாதங்கள் வெளியே இருந்தார். இடையில் இளைய கோல்கீப்பர்கள் முன்னுக்கு வந்தார்கள், இனி இவர் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் வந்தபோது கடைசி நொடிப் பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அவர்தான்.

ஆனால் இந்தக் கட்சி எப்போதும் முதலில் உச்சரிக்கும் பெயர் பேட் கம்மின்ஸ். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து, வெற்றி ரன்னையும் அடித்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு காலமும் ஆஸ்திரேலிய வாரியம் அவர் கையை விடவில்லை. பின்னால் அவர் அந்த நாட்டின் கேப்டனாக உலகக் கோப்பையை வென்றார்.

கம்மின்ஸைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் பட்டின்சனைச் சொல்வதில்லை. கம்மின்ஸுக்கு இரண்டு வாரம் கழித்து டெஸ்டில் அறிமுகமானவர். அதே வாரியம், அதே மருத்துவர் குழு, அதே முதுகு விரிசல், அதே பொறுமை. 21 டெஸ்டுகளோடு 2021-ல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். இருவரையும் பக்கத்தில் வைத்தால்தான் காத்திருப்பின் உண்மையான மதிப்புத் தெரியும். அது ஒரு வாய்ப்பைத் திறந்து வைக்கிறது, அதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஆஸ்திரேலிய வாரியத்தைப்போல் பல வீரர்களை ஒரே நேரத்தில் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் வசதி ஒரு கபடி அணிக்குக் கிடையாது. மூன்று மாதப் பருவத்துக்கு வீரரை வாங்கும் அணியிடம் ஐந்தாண்டுப் பொறுமையை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

எந்த மாதத்தில் திரும்பினார்?

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வலுப்பெற்ற நிலைப்பாடு, குற்றத்தை உடம்பிலிருந்து எடுத்து அட்டவணையின்மேல் வைக்கிறது. டிம் கேபட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், சில வாரங்களாகப் பழகிய பளுவுக்கும் இந்த வாரம் திடீரென்று ஏற்றிய பளுவுக்கும் உள்ள விகிதமே காயத்தை முன்னறிவிக்கிறது என்றார். உலகமெங்கும் அணிகள் அதைப் பின்பற்றின. பின்பு இம்பெல்லிசெரி முதலியோர் அந்தக் கணக்கின் அடிப்படையே தள்ளாடுகிறது என்று காட்டினார்கள். பும்ரா விவகாரம் ரசிகர்களையும் இதற்குள் இழுத்தது. 2025 இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்டுகள் மட்டுமே ஆடுவார் என்று முன்பே முடிவானது. இந்தியா வென்ற இரண்டும் அவர் ஆடாதவை. அதிலிருந்து எந்த முடிவையும் எடுக்க முடியாது என்றாலும், எல்லாத் தரப்பும் அதை எடுத்துக் காட்டியது.

இந்த நிலைப்பாட்டில் மிக உறுதியான பகுதி, முதல் காயத்துக்குப் பிறகு ஒருவர் எப்போது, எந்த நிலையில் திரும்புகிறார் என்பதைப் பற்றியது. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 106 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடை வலிமை, ஒற்றைக் காலில் தாண்டுதல் முதலிய சோதனைகளில் தேறிய பிறகே திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினருக்கு மறுபடி காயம் ஏற்பட்டது. தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம். ஆய்வு சிறியது, அதை மிகையாக நம்பக் கூடாது. ஆனாலும் ஏறத்தாழ ஏழு மடங்கு வித்தியாசம் சாதாரணமானதல்ல. "காயக்காரர்" என்று பெயர் வாங்கியவர்களில் கணிசமானவர்கள், முதல் காயத்திலிருந்து அவசரமாகத் திரும்பியவர்களாக இருக்கலாம் என்று இது எண்ண வைக்கிறது. பவனை விடு, வைத்துக்கொள் என்று வாதிட்ட இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி இதுதான்.

இடையில் ஒரு சமரச வழியும் உண்டு: வேலையை மாற்றிக் கொடுப்பது. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹர்திக் பாண்டியா சில காலம் மட்டையாளராக மட்டும் ஆடிவிட்டு, 2022-ல் குஜராத் டைட்டன்ஸ் கேப்டனாகப் பந்தும் வீசிப் பட்டம் வென்றார். ஆஷிஷ் நெஹ்ரா பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டும் நிலைத்து, 38 வயது வரை ஆடினார். ரெய்டரை டிஃபெண்டராக்குவது அவ்வளவு எளிதல்ல. பவனுக்கு அடிபட்டது பிடிக்கப் போனபோதுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒன்பது மாதம் யார் பார்த்துக்கொள்வது?

மேலே வந்த பெயர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வாரியமோ, லீக் அணியோ, அரசு வேலையோ இருந்தது. டெல்டாவில் இந்தக் கேள்வி எழும் இடங்களில் பெரும்பாலும் இவை எதுவும் இருப்பதில்லை.

சம்பா அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கியதும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் ஆரம்பமாகும். பொங்கலில் தொடங்கி கோடைக் கோயில் திருவிழாக்கள் வரை ஊர்தோறும் நடக்கும். சாயங்காலம் தொடங்கிய போட்டி விடிய விடிய நீளும். கடைசி வரை போகும் அணி ஒரே இரவில் நாலைந்து ஆட்டங்கள் ஆடிவிடும். எடைப் பிரிவுப் போட்டி என்றால், முந்தின நாள் முழுக்கச் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் எடையைக் குறைத்துக்கொண்டு வரும் பையன்கள் உண்டு. நல்ல ரெய்டருக்கு அடுத்த வாரம் வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வரும். களைத்த உடம்பும், ஓய்வில்லாத வாரங்களும், விடியற்காலை நான்கு மணி இறுதி ஆட்டமும் ஒன்றுசேரும்போது முட்டி மடங்குவதற்கு உடம்பின் இயல்பில் காரணம் தேட வேண்டியதில்லை.

அடிபட்ட பின் நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடியும். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். ஜவ்வுக் கிழிசலின் கொடுமையே இதில்தான் இருக்கிறது. நேராக நடப்பதற்கு அந்த ஜவ்வு அவ்வளவாகத் தேவைப்படாது. குணமாகிவிட்டது என்று நம்பி களத்துக்குப் போய், ஓடித் திரும்பும் கணத்தில் முட்டி நழுவும். இரண்டாம் தடவை குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். அப்போது தஞ்சாவூருக்குப் போய் ஸ்கேன் எடுப்பார்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவம் இருக்கிறது. ஆனால் அறுவை சிகிச்சை தொடக்கம்தான். பிறகு ஒன்பது மாதம் பிசியோதெரபி, உடற்பயிற்சிக் கூடம், நல்ல உணவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற முழுமையான விளையாட்டு மருத்துவ மையத்துக்குப் போவதென்றால் 300 கிலோமீட்டருக்கும் மேல்.

காலண்டரும் காத்திருக்காது. ஜூனியர் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு, எடை வரம்பும் உண்டு. ஒரு வருடம் படுத்தால் மாநிலப் போட்டிச் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடும், அரசு வேலையில் தமிழ்நாடு அரசு தரும் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கான வாய்ப்பும் மங்கும். ஆகவே பையன் வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறான். மேலே பார்த்த 38 சதவீதத்துக்குள் போய்ச் சேரும் பாதை இதுதான். அவன் உடம்பு பலவீனம் என்று ஊர் பேசும்போது, அந்தப் பேச்சில் இந்த நெருக்கடி எதுவும் இடம் பெறுவதில்லை.

வடுவூரிலிருந்து அபினேஷ் மோகன்தாஸ் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிக்குப் போனபோது டெல்டா முழுவதும் கொண்டாடியது. மாநில அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. வெற்றிக்குப் பின் வரும் பணம் வரவேற்கத் தக்கதே. காயத்துக்குப் பின் வர வேண்டிய பணத்துக்கு இன்னும் உறுதியான வழி இல்லை. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வீரர்களுக்கு உதவுகிறது. அதன் கை மாவட்ட அளவில் ஆடும் பதினெட்டு வயதுப் பையனின் ஒன்பது மாத பிசியோதெரபி வரை நீள வேண்டும்.

இன்னும் முடிவாகாதவை

எல்லா நிலைப்பாடுகளையும் பார்த்த பின் சில விஷயங்களைத் தயக்கத்தோடாவது சொல்ல முடியும். முந்தைய காயம் அடுத்த காயத்தின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் பெரிய ஐயமில்லை. அந்த வாய்ப்பின் அளவு ஒருவருடைய பிறவி உடம்பைவிட, அவர் திரும்பிய விதத்தைப் பொறுத்து அதிகம் மாறுகிறது என்று நம்பக் காரணங்கள் உண்டு. இளம் வீரரை இரண்டு மூன்று காயங்களை மட்டும் எண்ணிக் கைவிடுவது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பாகவே முடியும். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொருவருக்காகவும் காத்திருக்கும் வசதி இல்லை என்பதும் உண்மை. நரேந்தருக்கு இடம் கிடைத்தது பவன் விழுந்ததால்தான்.

முடிவாகாதவை இன்னும் பல. ஏ.சி.எல். பற்றிய எண்கள் பெரும்பாலும் கால்பந்து, கைப்பந்து, பனிச்சறுக்கு ஆடும் நாடுகளிலிருந்து வருகின்றன. மண்ணிலிருந்து மேட்டுக்கு மாறும் கபடி முட்டிக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. நார்வேயின் சிறுமியர் கால்பந்தில் பலன் தந்த முறையான வார்ம்-அப், பின்தொடைக் காயத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கும் என்று தொகுப்பாய்வுகள் சொல்லும் நார்டிக் பயிற்சி, இவற்றை மின்னொளிப் போட்டிக்கு முன் இருபது நிமிடம் செய்ய வைத்தால் என்ன நடக்கும் என்று இங்கே சோதித்துப் பார்க்கப்பட வேண்டும். ஒரே இரவில் ஓர் அணி இத்தனை ஆட்டங்களுக்கு மேல் ஆடக் கூடாது என்று விதித்தால் காயம் குறையுமா என்பதும் அப்படித்தான்.

இவற்றுக்கு விடை தேட முதலில் வேண்டியது கணக்கு. புள்ளி எழுதும் மேசையில் எந்த ரெய்டில் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை ஊர்ப் போட்டிகளிலும் ஒழுங்காக எழுதுகிறார்கள். அதே நோட்டில் யாருக்கு, எந்த ஆட்டத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் காலில் அடிபட்டது என்று இன்னொரு பக்கம் ஒதுக்க வேண்டும். அந்தப் பையன் எத்தனை வாரம் கழித்துத் திரும்ப வந்தான் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கபடிக் கழகங்கள் வரும் தை மாதப் போட்டிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.